சுருங்கிய கோப்பில் ஓவியம் உண்டா?

1985 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகம் செய்தது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையில் அமர்ந்து, பாடகி டெபி ஹாரியின் முகத்தை அந்தக் கணினியில் தீட்டிக் காட்டினார். அதன் பிறகும் அமிகாவில் படங்கள் செய்து ஃபிளாப்பி வட்டுகளில் சேமித்தார். 1987ல் அவர் காலமானார். வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. பல ஆண்டுகள் கழித்து, கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் எடுத்த முயற்சியால், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் அந்த வட்டுகளைப் பத்திரமாகப் படியெடுத்தார்கள். பைட்டுகள் கைக்கு வந்துவிட்டன, படங்கள் வரவில்லை. பழக்கத்தில் இருந்த எந்த மென்பொருளுக்கும் தெரியாத ஒரு வடிவத்தில் அந்தக் கோப்புகள் எழுதப்பட்டிருந்தன. அந்த வடிவத்தின் ஒழுங்கை மன்றத்தினர் கண்டறிந்த பிறகே கேம்பல் சூப் டப்பாவும் போட்டிசெல்லியின் வீனஸும் திரையில் எழுந்தன. 2014 ஏப்ரலில் உலகுக்கு அறிவித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் படங்கள் எங்கே இருந்தன? வட்டில் இருந்தன என்றால், வட்டில் உள்ளதை முழுதாக எடுத்த பின்னும் ஏன் அவை தெரியவில்லை? வட்டில் இல்லை என்றால், கணினி மன்றத்து மாணவர்கள் யாரும் வரையாத சூப் டப்பா எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு நம்மிடம் நெடிய மரபு உண்டு. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறதா, அல்லது இல்லாதிருந்து புதிதாகப் பிறக்கிறதா என்று நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். எள்ளுக்குள் எண்ணெய் இருப்பதால்தான் எள்ளை ஆட்டினால் எண்ணெய் வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை என்பது சாங்கியரின் சற்காரியவாதம். நூல் வேறு, துணி வேறு. நூலைக் குவித்து வைத்தால் உடுத்த முடியாது, ஆகவே துணி நெய்யும்போதுதான் புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகரின் அசற்காரியவாதம். மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் சாங்கியருக்கும் வைசேடிகருக்கும் இடம் உண்டு. பிற்காலத்தில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்றுக்கொண்டு, அதனோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: முதற்காரணம் மட்டும் போதாது, துணைக்காரணமும் நிமித்தகாரணமும் கூடினால்தான் காரியம் வெளிப்படும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சுருக்கப்பட்ட படக்கோப்பு இந்த வாதத்துக்கு மிக நல்ல சோதனைக்களம் என்று நினைக்கிறேன். குடத்திலும் துணியிலும் அளந்து சொல்ல முடியாத ஒன்றை, அதாவது காரியத்தில் எவ்வளவு காரணத்துக்குள் இருக்கிறது, எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதை, இங்கே பைட்டுக் கணக்கில் அளக்கலாம். அளந்து பார்த்தால் சித்தாந்தத்தின் நிபந்தனைதான் நிற்கிறது.

கணக்கைக் கமடோர் 64லிருந்து தொடங்கலாம். 1982ல் வந்த இந்த வீட்டுக் கணினிக்கு 64 கிலோபைட்டு நினைவகம், 16 வண்ணங்கள். பல வண்ணப் படமுறையில் அதன் திரை 160க்கு 200, அதாவது 32,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16ல் எந்த வண்ணம் என்று தனித்தனியே எழுத 4 பிட்டு வேண்டும். மொத்தம் 16,000 பைட்டு ஆகும். ஆனால் கோலாபெயின்டர் என்ற அக்கால வரைகலை மென்பொருள் சேமித்த கோப்பில் இருப்பது 10,003 பைட்டுதான். முதல் 2 பைட்டு, கோப்பை நினைவகத்தில் எங்கே இறக்குவது என்ற முகவரி. அடுத்த 8,000 பைட்டு புள்ளிகள். பிறகு ஆயிரம் ஆயிரமாக 2,000 பைட்டு வண்ணங்கள். கடைசி 1 பைட்டு பின்னணி வண்ணம். ஏறத்தாழ 6,000 பைட்டு எழுதப்படவே இல்லை. காரணம், திரையை 40க்கு 25 என்று 1,000 கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் நான்கு வண்ணங்களுக்கு மேல் கூடாது, அந்த நான்கில் ஒன்று திரை முழுவதற்கும் பொதுவான பின்னணியாக இருக்க வேண்டும் என்று கணினியின் படச் சில்லு விதித்திருந்தது. அதனால் ஒரு புள்ளி தன் வண்ணத்தைச் சொல்லத் தேவையில்லை. தன் கட்டத்துக்கு உரிய நான்கில் தான் எத்தனையாவது என்று 2 பிட்டில் சொன்னால் போதும். அந்த 2 பிட்டை வண்ணமாக விரித்துத் தொலைக்காட்சித் திரைக்கு அனுப்பும் வேலையை, ஐரோப்பாவில் நொடிக்கு 50 தடவையும் அமெரிக்காவில் 60 தடவையும், அந்தச் சில்லு ஓயாமல் செய்துகொண்டிருந்தது. அதே 1982ல் பிரிட்டனில் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் இன்னும் கறாரானது. 256க்கு 192 என்று 49,152 புள்ளிகள். தனித்தனியே வண்ணம் எழுதினால் 24,576 பைட்டு ஆகியிருக்கும். ஆனால் அதன் திரைக்கோப்பு 6,912 பைட்டு மட்டுமே: 6,144 புள்ளிகளுக்கு, 768 கட்டங்களின் வண்ணத்துக்கு. ஒரு கட்டத்தில் இரண்டே வண்ணம். விளையாட்டில் ஒரு வீரன் மரத்தைக் கடந்து போனால் அவன் உடம்பில் மரத்தின் பச்சை ஏறிக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு முடிவு உடனே கிடைக்கிறது. சுருக்கம் என்பது திரையில் உள்ள முழுப் படத்தைப் பிறகு மடித்து வைப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்தக் கணினிகளில் மடிக்கப்படாத முழுப் படம் என்று ஒன்று எந்தக் கட்டத்திலும் இருந்ததில்லை. நினைவகத்தில் இருந்ததே சுருக்கம்தான். வட்டில் இடம் போதாதபோது அதை இன்னொரு தடவை சுருக்கினார்கள். 1541 வட்டியக்கி ஒரு பக்கத்தில் 664 தொகுதிகளை எழுதும். ஒரு கோலா படம் 40 தொகுதி பிடிக்கும். ஆக ஒரு பக்கத்துக்கு 16 படம். எனவே ஒரே பைட்டு வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் 254 என்ற எண்ணை அடையாளமாக வைத்து, எந்த பைட்டு, எத்தனை தடவை என்று மூன்றே பைட்டில் எழுதும் கோலா வகை ஒன்று வந்தது. வானமும் சுவரும் உள்ள படம் அதில் நன்றாகச் சுருங்கும். அந்தக் கோப்பை விரித்தால் 10,003 பைட்டு. அதைச் சில்லு விரித்தால் 32,000 புள்ளி. அதைத் தொலைக்காட்சி விரித்தால் ஒளிரும் கோடுகள். அதைக் கண்ணும் மனமும் விரித்தால் ஒரு முகம். ஒவ்வொரு படியிலும் முந்தியது சூக்குமம், பிந்தியது தூலம். தூலமும் சூக்குமமும் இரண்டு தனி உலகங்கள் இல்லை, ஒன்றையொன்று நோக்கிய படிநிலைகள் என்பதும், மாயையிலிருந்து தத்துவங்கள் அப்படித்தான் படிப்படியாக விரிகின்றன என்பதும் சித்தாந்தம் சொல்வது. உண்மையான படம் திரையில் இருப்பது, கோப்பில் உள்ளது அதைப் பற்றிய வெறும் குறிப்பு என்று சொல்பவருக்கு இதுவே பதில். திரையில் இருப்பதாக அவர் காட்டும் படமும் இன்னொன்றை நோக்க ஒரு குறிப்புதான்.

சுருக்கம் எப்படிச் சாத்தியமாகிறது என்பது அடுத்த கேள்வி. 1984ல் மெக்கின்டாஷ் கணினியோடு வந்த மேக்பெயின்ட், பில் அட்கின்சன் எழுதியது. அதில் ஒரு பக்கம் 576க்கு 720 புள்ளி, கறுப்பு வெள்ளை மட்டும். ஒரு வரிக்கு 72 பைட்டு, பக்கம் முழுவதற்கும் 51,840 பைட்டு. அதை பேக்பிட்ஸ் என்ற முறையில் சுருக்கிச் சேமித்தார்கள். முறை மிக எளிது. ஒரு கட்டளை பைட்டு வரும். அது ஒன்று, அடுத்த இத்தனை பைட்டுகளை அப்படியே எடுத்துக்கொள் என்று சொல்லும், அல்லது அடுத்த ஒரு பைட்டை இத்தனை தடவை திருப்பி எழுது என்று சொல்லும். வெறும் வெள்ளை வரி 72 பைட்டிலிருந்து 2 பைட்டாகச் சுருங்கும். வெறும் பக்கம் முழுவதும் 1,440 பைட்டு. வெறுமை சுருங்குவதில் வியப்பில்லை. ஆனால் பக்கம் முழுவதையும் செங்கல் வரிசைக் கோலத்தால் நிரப்பினாலும் அதே 1,440 பைட்டுதான் ஆகும். மேக்பெயின்டின் கோலங்கள் எல்லாம் 8க்கு 8 புள்ளியால் ஆனவை. ஒரு பைட்டில் 8 பிட்டு. ஆகவே கோலம் எதுவானாலும் ஒரு வரியில் ஒரே பைட்டுதான் 72 தடவை வரும். வரைபவர் எதைக் கொண்டு நிரப்புவார் என்பது சுருக்கும் முறைக்குச் சாதகமாகவே அமைந்திருந்தது. அதே பக்கத்தில் ஒரு புகைப்படத்தை நுண்புள்ளிகளாக உடைத்து வைத்தால் அந்தச் சாதகம் போய்விடும். கோப்பு பெரிதாகச் சுருங்காது, சில வரிகளில் ஒரு பைட்டு கூடவும் செய்யும். ஐபிஎம் பிசியில் பிசி பெயின்ட்பிரஷ் கொண்டுவந்த பிசிஎக்ஸ் வடிவத்தில் இது இன்னும் கண்கூடு. அதில் 192ம் அதற்கு மேற்பட்ட எண்களும் திருப்பி எழுதுவதற்கான அடையாளம். அதனால் அந்த எண் கொண்ட வண்ணங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய படத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு பைட்டு செலவாகும். சுருக்கப்போன கோப்பு வீங்கிவிடும்.

இந்த வீக்கம் அந்த முறையை எழுதியவரின் கவனக்குறைவால் வருவதல்ல. எந்த முறையும் இதிலிருந்து தப்ப முடியாது. எல்லாக் கோப்புகளையும் இழப்பின்றிச் சுருக்கும் முறை ஒன்று இருக்கவே முடியாது என்பதற்கு எளிய எண்ணிக்கைச் சான்று உண்டு. குறிப்பிட்ட நீளமுள்ள கோப்புகள் எத்தனை சாத்தியமோ, அதைவிடக் குறுகிய கோப்புகள் எல்லாம் சேர்ந்தும் அத்தனை இல்லை. எண்ணிக்கையில் ஒன்று குறையும். இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்துக்குப் போனால் திரும்ப விரிக்கும்போது எது எதுவென்று தெரியாது. ஒரே ஒரு பைட்டு, அதாவது 8 பிட்டு சுருங்கக்கூடிய கோப்புகள்கூட 128ல் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே ஒரு முறை சில கோப்புகளைச் சுருக்குகிறதென்றால் வேறு சிலவற்றை நீட்டியே ஆக வேண்டும். எதைச் சுருக்குவது, எதைக் கைவிடுவது என்று அது முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோல இருக்கும் என்பது பேக்பிட்ஸின் நம்பிக்கை. ஒரு கட்டத்துக்குள் வண்ணங்கள் சிலவே என்பது கமடோர் சில்லின் நம்பிக்கை. உலகத்தைப் பற்றிய இந்த நம்பிக்கை கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை. அது விரிப்பவரிடம் இருக்கிறது. கோப்பிலிருந்து குறைந்த ஒவ்வொரு பைட்டும் இல்லாமல் போகவில்லை. அதற்கு ஈடான அறிவு விரிக்கும் முறைக்குள் இருக்கிறது. சித்தாந்தம் துணைக்காரணம் என்று தனியே எண்ணியது வெறும் கருவியை என்று எடுத்துக்கொண்டால் அது ஒரு வசதிக்கான பாகுபாடாகத் தெரியும். இங்கே பார்க்கும்போது துணைக்காரணத்துக்கும் காரியத்தின் வடிவில் பங்கு இருக்கிறது. கோலா கோப்பில் எழுதப்படாத 6,000 பைட்டு அந்தப் பங்கின் அளவு.

நியாய வைசேடிகர் இதைக் கேட்டுச் சும்மா இருக்கமாட்டார். கோப்பை யாரும் பார்த்து ரசிக்க முடியாது. படத்தின் வேலையைக் கோப்பு செய்வதில்லை. ஆகவே படம் விரிக்கும்போது புதிதாகப் பிறந்தது என்பார். வேலை வேறு என்பது உண்மை. ஆனால் புதிதாகப் பிறப்பது ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளிகூட மாறாமல் ஏன் அதுவாகவே பிறக்கிறது? பேக்பிட்ஸ் கோப்பை ஆயிரம் தடவை விரித்தாலும் 51,840 பைட்டும் அச்சாக அதே பைட்டுகள். இல்லாத ஒன்று பிறப்பதானால் எது பிறப்பது என்பதைத் தீர்மானிக்க அங்கே எதுவும் இல்லை. எதிலிருந்தும் எதுவும் பிறக்கலாம். எல்லாவற்றிலிருந்தும் எல்லாம் தோன்றுவதில்லை என்பதைச் சாங்கிய காரிகை தன் ஐந்து காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தக் காரணம் இங்கே முழு வலிமையோடு நிற்கிறது. ஒரு கோப்பில் ஒரு பைட்டை மாற்றினால் படத்தில் அதற்கு உரிய இடம் மாறுகிறது. அமிகாவின் ஹாம் என்ற முறையில் இது இன்னும் தெளிவு. 6 பிட்டில் 4,096 வண்ணங்களைக் காட்டுவதற்காக, அதில் ஒரு புள்ளி பெரும்பாலும் தன் வண்ணத்தைச் சொல்லாது. இடப்பக்கத்துப் புள்ளியின் வண்ணத்தை வைத்துக்கொண்டு அதில் சிவப்பையோ பச்சையையோ நீலத்தையோ மட்டும் மாற்று என்று சொல்லும். ஒரு புள்ளி பிழையானால் அந்த வரியில் வலப்பக்கம் வண்ணம் சாயம்போல் இழுபடும். புதிதாகப் பிறப்பதற்குக் காரணத்தோடு இத்தனை நெருங்கிய கட்டு இருக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு; அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விரிக்கும் முறையில் பாதி அறிவு இருக்கலாம் என்றால் முழு அறிவும் இருக்கலாமே? 1 என்று ஒரே பிட்டைக் கண்டால் மோனாலிசாவைத் திரையில் காட்டு என்று ஒரு நிரல் எழுதிவிடலாம். அப்போது ஒரு பிட்டுக் கோப்பில் மோனாலிசா இருக்கிறாள் என்பீர்களா? மணலிலிருந்து எண்ணெய் எடுத்தது போல்தானே இது? அப்படியானால் எதில் எது இருக்கிறது என்பது விரிப்பவரின் விருப்பம், காரணத்தில் காரியம் இருக்கிறது என்பதே வெறும் பேச்சு என்றாகிவிடும். இதற்கு விடையை ரஷ்யக் கணித அறிஞர் கொல்மகோரோவ் 1965ல் தந்த கோட்பாட்டில் காண்கிறேன். ஒரு பொருளின் மிகச் சுருங்கிய விவரிப்பு எவ்வளவு நீளம் என்பது எந்தக் கணினி மொழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் இரண்டு பொது மொழிகளுக்கு இடையே அந்த நீளம் ஒரு மாறாத அளவுக்கு மேல் வேறுபட முடியாது. அந்த அளவு, ஒன்றை மற்றொன்றில் பெயர்த்துச் சொல்லும் நிரலின் நீளம். மோனாலிசாவை ஒரு பிட்டில் விரிக்கும் நிரலுக்குள் மோனாலிசாவே உட்கார்ந்திருக்கிறாள். அந்த நிரலின் நீளத்தையும் சேர்த்து எண்ணினால் எண்ணெய் மணலிலிருந்து வரவில்லை, செக்குக்குள் முன்பே ஊற்றிவைத்திருந்தது என்று கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். முதற்காரணத்துக்கும் துணைக்காரணத்துக்கும் இடையே காரியத்தை நகர்த்தலாம். இரண்டையும் கூட்டினால் வரும் தொகையை விருப்பப்படி குறைக்க முடியாது.

வார்ஹோலின் வட்டுகள் இதற்கு நடைமுறைச் சாட்சி. அறியாத கோப்பைப் பலவிதமாகப் படித்துப் பார்க்கலாம். ஒரு வரிக்கு எத்தனை பைட்டு, வண்ணப் பட்டியல் எங்கே தொடங்குகிறது, பிட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று ஒவ்வொன்றிலும் பல ஊகங்களுக்கு இடமுண்டு. தவறான ஊகம் ஒவ்வொன்றும் திரையில் இரைச்சலைத்தான் தரும். சரியான ஒன்றில் சட்டென்று ஒழுங்கு எழுகிறது: டப்பாவின் விளிம்பு, எழுத்து, ஒரு முகம். விரிப்பவர் தன் விருப்பப்படி படத்தைப் படைப்பதாக இருந்தால் ஒரு வழி மட்டும் பொருந்த வேண்டிய காரணம் என்ன? பௌத்தர் ஒருவேளை, படம் கோப்பிலும் இல்லை, நிரலிலும் இல்லை, இரண்டும் கூடிய சார்பில் மட்டும் தோன்றுகிறது என்பார். என் நிலைக்கு மிக நெருங்கி வந்துவிட்ட வாதம் இது. சார்பு இல்லாமல் தோற்றம் இல்லை என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் எவரும் விரிக்காத அத்தனை ஆண்டுகளிலும், எப்படிப் படித்தால் ஒழுங்கு எழும், எப்படிப் படித்தால் எழாது என்பது அந்த வட்டில் நிலைத்திருந்தது. அந்த நிலைத்த தன்மையைத்தான் சூக்கும இருப்பு என்கிறேன். அதற்கு இருப்பு என்ற தகுதியை மறுப்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் காணவில்லை.

கோப்பு தன்னைத்தானே விரித்துக்கொள்ளத் தேவையான எல்லாவற்றையும் தனக்குள் சுமந்தால் என்ன? அப்போது துணைக்காரணம் வேண்டாம், சாங்கியர் சொல்வதுபோல் முதற்காரணமே தானாகப் பரிணமிக்கும் என்று கேட்கலாம். இந்த ஆசையும் அந்தக் காலக் கோப்பு வடிவங்களில் செயல்பட்டிருக்கிறது. 1985ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஜெர்ரி மாரிசன் அமிகாவுக்காக வகுத்த ஐஎஃப்எஃப் வடிவத்தில் கோப்பு பல துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் தன் பெயரையும் நீளத்தையும் முதலில் சொல்லும். படத்தின் அகலம், உயரம், எத்தனை அடுக்கு, சுருக்கப்பட்டதா என்பதை ஒரு துண்டு சொல்லும். வண்ணப் பட்டியல் இன்னொன்றில். தெரியாத துண்டு வந்தால் தாண்டிப் போய்விடலாம். டீலக்ஸ் பெயின்டில் தீட்டியதை வேறொரு மென்பொருள் திறக்க முடிந்தது இதனால்தான். 1987 ஜூனில் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் ஸ்டீவ் வில்ஹைட் கொண்டுவந்த ஜிஃப் இதைவிட அழகான ஒன்றைச் செய்தது. லெம்பல், ஸிவ் இருவரின் முறையை டெர்ரி வெல்ச் 1984ல் செம்மைப்படுத்தியிருந்தார். அதை ஜிஃப் எடுத்துக்கொண்டது. அதன்படி எழுதுபவர், திரும்ப வரும் புள்ளித் தொடர்களுக்கெல்லாம் எண் கொடுத்து ஓர் அகராதி கட்டிக்கொண்டே போவார். அந்த அகராதியைக் கோப்பில் வைப்பதே இல்லை. படிப்பவர் அதே விதியைப் பின்பற்றிப் படித்துக்கொண்டே போனால் அதே அகராதி அவரிடமும் அடி அடியாக உருவாகிவிடும். முதற்காரணம் தன் துணைக்காரணத்தையும் தானே ஈன்றுகொள்வதற்கு இவ்வளவு நெருங்கிய இன்னோர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த விதி கோப்பில் இல்லை. விதியைக் கோப்பில் எழுதினால் அதைப் படிக்க ஒரு விதி வெளியே வேண்டும்; அதையும் எழுதினால் அதற்கும் ஒன்று. எங்கேயோ ஓரிடத்தில் கோப்புக்கு வெளியே ஏற்கெனவே அறிந்தவர் ஒருவர் நின்றாக வேண்டும். 1994 இறுதியில் யூனிசிஸ் நிறுவனம் இந்தச் சுருக்க முறைக்குத் தன்னிடம் காப்புரிமை உண்டு என்று ஜிஃப் எழுதும் மென்பொருள்களிடம் உரிமக் கட்டணம் கேட்டபோது உலகம் திகைத்தது. படங்கள் அவரவருடையவை, முறை இன்னொருவருடையது. பிஎன்ஜி என்ற புதிய வடிவம் பிறந்ததற்கு அந்தத் திகைப்பே காரணம்.

வெளியே நிற்கும் அந்த அறிந்தவர் யார் என்பதில்தான் சாங்கியமும் சித்தாந்தமும் பிரிகின்றன. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் கடவுளை ஏற்காத சாங்கியத்தைத் தனியே எடுத்து மறுக்கிறார். அறிவற்றது தானே இயங்கிப் பயனுள்ள ஒழுங்காக விரிய முடியாது என்பது சித்தாந்தத்தின் நிலை. விரிக்கும் நிரலும் அறிவற்றதுதானே, அது யாருடைய துணையுமின்றி விரிக்கிறதே என்று ஒருவர் கேட்பது நியாயம். நிரல் தானாக ஓடுகிறது, சரி. ஆனால் அதற்குள் இருக்கும் தீர்மானங்கள் ஒன்றுகூட அதனுடையவை இல்லை. பக்கத்துப் புள்ளிகள் ஒத்திருக்கும் என்று உலகைப் பார்த்து முடிவு செய்த ஓர் அறிவு அதில் பதிந்து கிடக்கிறது. அட்கின்சன் தூங்கும்போதும் மேக்பெயின்ட் கோப்பு விரிவது, அங்கே அட்கின்சனின் அறிவு தேவையில்லை என்று காட்டாது. இதை வைத்துக் கடவுள் இருப்பதை நிறுவிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். கோப்பிலிருந்து பிரபஞ்சத்துக்குத் தாவுவதற்கு இந்தச் சான்று போதாது. பிரபஞ்சம் எழுதப்பட்ட ஒன்றா என்பதே அங்கே கேள்வி, கோப்பு எழுதப்பட்டது என்பது நமக்கு முன்பே தெரியும். இந்தச் சான்று நிறுவுவது ஒன்றே: காரியம் காரணத்தில் இருக்கிறது என்பதிலிருந்து முதற்காரணமே போதும் என்ற முடிவு வராது. சாங்கியர் அந்த இரண்டையும் ஒன்றாக்கினார். சித்தாந்தம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. பிரித்தது சரி.

இழப்போடு சுருக்கும் முறைகள் இந்த வாதத்துக்கு எதிராக நிற்பதுபோல் தோன்றும். 1992ல் தரநிலையான ஜேபெக், படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் கரடுமுரடாக்கித் தள்ளிவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைப் போல் வண்ண வேறுபாட்டைக் கண் நுணுக்கமாகக் காண்பதில்லை என்பதால் வண்ண விவரத்தில் கை வைக்கிறது. தள்ளியது திரும்புவதில்லை. உள்ளது அழியாது என்ற கொள்கை இங்கே என்ன ஆகிறது? ஒரு பிட்டை அழிக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியாகும் என்று ரோல்ஃப் லேண்டவர் 1961ல் சொன்னதை எடுத்துக்காட்டி, தள்ளியதும் வெப்பமாக எங்கோ இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தில் எனக்கு நிறைவில்லை. மீட்க வழியில்லாத இருப்பால் படம் பார்ப்பவருக்குப் பயன் ஒன்றும் இல்லை. நேரான விடை வேறு. சற்காரியவாதம் சொல்வது, வெளிப்படுவது எல்லாம் காரணத்தில் இருந்தது என்பதே. முன்பு இருந்த காரியங்கள் எல்லாம் அடுத்த காரணத்துக்குள் ஒடுங்கியே தீரும் என்பது அல்ல. ஜேபெக் கோப்பிலிருந்து வருவது அந்தக் கோப்பில் இருந்த படம். அது முந்திய படத்தின் பிரதி என்று நாம் கொள்வது, கண் எதைப் பொருட்படுத்தும் என்று வகுத்தவர் செய்த தீர்ப்பை ஏற்றுக்கொள்வது. அதாவது இழப்பு கூடக்கூடக் கோப்புக்கு வெளியே உள்ள அறிவின் பங்கும் கூடுகிறது. வாதம் இதனால் வலுவிழக்கவில்லை.

இதில் நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று வெவ்வேறு குறியீடுகளில் தமிழில் ஏராளமாகத் தட்டச்சு செய்திருக்கிறோம். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் இதழ்களும் நினைவு மலர்களும் தமிழ்நாட்டுச் சிறுபத்திரிகைகளின் பக்கங்களும் அந்தக் கோப்புகளில் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடுகிறார்கள். கெட்டுப்போகவில்லை, எழுத்து உள்ளே இருக்கிறது, துணைக்காரணம்தான் இல்லை. அப்படிப்பட்ட வட்டோ குறுந்தகடோ உங்களிடம் இருந்தால் கோப்பை மட்டும் படியெடுத்து வைத்து நிறுத்திவிடாதீர்கள். எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில், எந்த ஆண்டில் செய்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் உடன் வையுங்கள்.